செவ்வாய்க்கிழமை மட்டும் சூரியனுக்குக் கூடுதல் தாகம்

சூரியன் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று யாராவது கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்டவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம், காய்ச்சலோ என்று. ஆவியக்கா மட்டும், "நேத்தா, முந்தாநேத்தா?" என்று திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய வேலையே அதுதான். ஊர் எல்லையில் இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தின் கரைமேல், இடுப்பளவு வேலிக்குள், மரச்சட்டங்களின் மீது ஒரு வட்டச் செம்புத் தொட்டி உட்கார்ந்திருக்கும். நாலடி அகலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழம். மேலே ஒரு கம்பி வலை. தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய், குழாய்க்குள் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஊசி. இன்று காலை எட்டரை மணிக்கு ஊசிமுனையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தண்ணீர், நாளை எட்டரைக்குச் சற்று இறங்கியிருக்கும். கோடு போட்ட அளவுக் குவளையால் சன்னமாக ஊற்றிக்கொண்டே வந்து, தண்ணீர் மறுபடி முனையை முத்தமிட்டதும் சட்டென்று கையை நிறுத்த வேண்டும். ஊற்றியது எவ்வளவோ அவ்வளவும் ஆவியாகி மேலே போனது. கோடைக்காலத்தில் ஐந்தரை மில்லிமீட்டர், ஆறு, ஆறரை. அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டால், ஏரி முழுவதும் அன்று எவ்வளவு இழந்தது என்று மேலே இருப்பவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆறு மில்லிமீட்டர் என்றால் கம்பளிப் புழு ஒன்றின் தடிமன்தானே என்று நினைத்துவிடாதீர்கள். தினம் அவ்வளவு என்றால் வருஷத்துக்கு ஓர் ஆள் உயரம். ஒரு ஏரி நிறைய ஓர் ஆள் உயரத் தண்ணீர், ஏணி இல்லாமல், படிக்கட்டு இல்லாமல், ஒரு சத்தமும் போடாமல் வானத்துக்கு ஏறிப் போகிறது. அந்த ஊர் மொத்தமும் குளித்து, குடித்து, துவைத்து, வாசல் தெளித்து முடிப்பதைவிட அது அதிகம். அங்கே போய் மேகமாகி, ஊர் சுற்றி, எந்த மலைத்தலையிலோ கொட்டி, ஓடையாய் இறங்கி, மூச்சிரைக்க மறுபடி இதே ஏரிக்கு வந்து சேரும். "போகுது, வருது. போறதை நான் எண்ணுறேன். வர்றதை மழைமானி எண்ணுது" என்பாள் ஆவியக்கா, ஏதோ பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவளைப் போல.

ஆவியை அளக்கிற அக்கா என்பது சுருங்கி ஆவியக்கா ஆகிவிட்டது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி இந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, தன் மாமியாரைப் பிடித்திருப்பதை விரட்ட முடியுமா என்று விசாரிக்க வந்தாளாம். ஆவியக்கா மாமியாரை நேரில் பார்த்துவிட்டு, "இவங்களை எதுவும் பிடிக்கல. இவங்கதான் உங்களைப் பிடிச்சிருக்காங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தொட்டிக்கு அவள் காலை வணக்கம் சொல்லியிருக்கிறாள். பதிவேட்டில் ஓர் எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. ஊற்றியதை ஊற்றியபடி எழுதுவாள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இருக்கிற 'குறிப்பு' என்கிற கட்டத்தில் காரணத்தை எழுதுவாள். அந்தக் கட்டத்தைப் படித்தால் பொழுது போவது தெரியாது. 'வலை நகர்ந்தது, காகம் குளித்தது, உறவினருடன்.' 'சூறைக்காற்று. தொட்டியில் தொப்பி ஒன்று. உரியவர் இன்னும் வரவில்லை.' 'தொட்டியில் மீன், உயிருடன். கொக்கின் வாயிலிருந்து தவறியது. கொக்கு வேலிமேல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கொடுக்கவில்லை.' யார் என்று எழுத மாட்டாள், என்ன என்றுதான் எழுதுவாள்.

அவள் கல்யாணமே அந்தத் தொட்டியால்தான் நடந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருஷம், சைக்கிளில் ஒரு மனிதர் தினமும் காலையில் வேலிக்கு வெளியே வந்து நின்று, "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்பார். ஐந்துக்கு மேல் என்றால் முகம் மலர்ந்து கிளம்பிவிடுவார். மூன்று என்றால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஏதோ சூதாட்டம் போல என்று அவள் முதலில் பயந்தாள். பிறகுதான் தெரிந்தது, அவர் லாண்டரி வைத்திருக்கிறார், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மொத்தமும் அவரிடம்தான் வருகின்றன, கொடியில் போட்டது எத்தனை மணிக்குக் காயும் என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார் என்று. மழைக்காலம் வந்தது. ஊரே ஈரம், எதுவும் காயாது, கேட்க எதுவும் இல்லை. அப்போதும் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா பூஜ்யம்" என்றாள் இவள்.

"தெரியும்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்படி எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் நீர்த்தேக்க அலுவலகத்துக்குப் புது இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், நறுக்கென்ற மனிதர். அவருடைய சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணிக்குக் கரைக்கு வந்து, ஆவியக்காவின் சின்ன அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாரத்தின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவருடைய ஜீப்புக்கு ஓட்டுநராக வாய்த்தவர் வேறு யாருமில்லை, லாண்டரிக்காரரின் தங்கை கணவர்தான். வேலை இல்லாமல் இருந்தவருக்கு, இப்படி ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று தகவல் சொல்லி மனுப்போட வைத்ததே ஆவியக்காதான். குடும்பம் மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டதால், அலுவலகத்திலும் மாப்பிள்ளை என்றே ஆகிவிட்டது. இன்ஜினியர்கூட ஒரு தடவை வாய்தவறி, "மாப்பிள்ளை, வண்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டு இருமினார்.

அவர் வந்த ஆறாவது செவ்வாய்க்கிழமை. பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பேனா முனையால் ஐந்து இடங்களைத் தட்டினார்.

"மேடம், இதைப் பாருங்க. திங்கள் ஆறு. செவ்வாய் பதினாலரை. புதன் ஆறு. அடுத்த வாரம், திங்கள் அஞ்சரை, செவ்வாய் பதினாலு. மூணாவது செவ்வாய் இருபத்து மூணு! அப்புறம் மறுபடி பதினஞ்சு, பதினாலரை. சூரியன் வாரத்துல ஒரு நாள் மட்டும் விருந்துக்கு வர்றானா?"

"நானும் பார்த்தேன் சார். எனக்கும் புரியல."

"புரியலைன்னா எப்படி? தொட்டி ஒழுகுதா?"

"ஒழுகினா எல்லா நாளும் ஒழுகணும் சார். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒழுகிட்டு மத்த நாள் லீவு போடுமா?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. "அஞ்சு நாள்தானே. அடிச்சிட்டு ஆறு ஆறுன்னு போட்டுடுங்க. முடிஞ்சது."

"நான் ஆறு ஊத்தலையே சார். பதினாலரை ஊத்தினேன்."

"அப்போ ரெண்டுல ஒண்ணு. தொட்டி தப்பு, இல்லைன்னா..." என்று அவர் முடிக்காமல் விட்டது, முடித்திருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலித்தது. எழுந்து நின்று பேனாவை மூடினார். "அடுத்த வாரம் தினமும் வந்து பார்க்கப்போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். தெரியலைன்னா சனிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதிடுவேன், இந்த இடத்துப் பதிவு நம்ப முடியாதுன்னு. இப்ப தப்புன்னா, முன்னாடி சரின்னு எப்படிச் சொல்றது? மொத்தமும்தான் போகும். உங்களுக்குத் தபால் பிரிவுல ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திடலாம்."

இருபத்திரண்டு வருஷம். எட்டாயிரம் காலைகள். பிரசவத்துக்குப் போன மாதங்களில்கூட லாண்டரிக்காரரைப் பழக்கி ஊற்ற வைத்து எழுதிய எண்கள். அவ்வளவும் பழைய பேப்பர்காரனிடம் போகும், இவள் உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆவியக்கா அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, தலைக்கு மேலே கொளுத்திக்கொண்டிருந்தவனை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு என்னடா கேடு?" என்று கேட்டாள்.

சொன்னபடி அடுத்த திங்கள்கிழமையிலிருந்து இன்ஜினியர் தினமும் வந்தார். காலை பத்து மணிக்கு வந்து, அறையில் ஆவியக்காவை எதிரே உட்கார வைத்து, பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித் தட்டி விசாரித்தார். எந்தக் கையால் ஊற்றுகிறீர்கள், ஊற்றும்போது குனிவீர்களா, கண்ணாடி போட்டுக்கொள்வீர்களா. விளைவு என்னவென்றால், இதுவரை செவ்வாயோடு நிறுத்திக்கொண்டிருந்த சூரியன் இப்போது தினமும் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கினான். திங்கள்கிழமைக்குப் பதினாலே முக்கால். செவ்வாய்க்குப் பதினாலரை. இன்ஜினியர் வருகிற அன்றெல்லாம் தண்ணீர் தலைதெறிக்க வானத்துக்கு ஓடியது. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறதோ என்று ஆவியக்காவுக்கே ஒரு கணம் தோன்றியது. நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை லாண்டரியில் போய் உட்கார்ந்தாள். இஸ்திரி மேசையில் அவள் கணவர் விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னைக்கும் கூடவா?"

"நேத்துக்குப் பதினாலரை. என் தலையெழுத்து."

அவர் மடிப்பதை நிறுத்தினார். "எத்தனை? பதினாலரையா? போடீ, விளையாடாதே."

"நான் எதுக்கு விளையாடறேன்?"

"இல்லம்மா, யோசிச்சுப் பாரு. ஆறு குடிச்சா என் பெட்ஷீட் பதினொன்றரைக்குக் காயும். இருபது வருஷமா இது மாறினதே இல்ல. எட்டு குடிச்ச ஒரு நாள், பத்தரைக்கே எடுத்து மடிச்சேன். ஞாபகம் இருக்கா? நிஜமா பதினாலு குடிச்சிருந்தா, கொடியில போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள சருகா நொறுங்கியிருக்கணும். நேத்தும் பதினொன்றரைதான். போன செவ்வாயும் பதினொன்றரைதான். முந்தின செவ்வாய் பதினொண்ணே முக்கால்கூட ஆச்சு, எனக்கு ஆஸ்பத்திரியில திட்டு."

ஆவியக்கா எழுந்து நின்றாள். நாற்பது விரிப்புகள் நாற்பது சாட்சிகள். தொட்டியில்தான் பதினாலு, கொடியில் ஆறு. ஒரே ஊரில் ஒரே சூரியன் ஒருத்தரிடம் அதிகமாகவும் இன்னொருத்தரிடம் குறைவாகவும் குடிக்க மாட்டான்.

"அப்போ குடிக்கிறது சூரியன் இல்ல" என்றாள்.

"வேற யாரு? அந்தக் கொக்கு திரும்ப வந்துடுச்சா?"

"பதினாலரையில ஆறு போக எட்டரை. எட்டரை மில்லிமீட்டர்னா சுமார் பத்து லிட்டர். பத்து லிட்டர் குடிக்கிற கொக்கு பறக்காதுங்க. உருண்டுதான் போகும்."

மறுநாள் வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாகத் தொட்டியின் அடியில், மரச்சட்டங்களுக்கு நடுவே, பழைய செய்தித்தாளை விரித்து வைத்தாள். ஒழுக்கு இல்லை என்று முதலில் நிரூபித்துவிட வேண்டும். பத்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஜினியர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். பத்தே கால் வரைக்கும் பதினேழாம் வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினார். "ஒழுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் ஏழாவது தடவையாகக் கேட்டதும், "இருங்க சார், பேப்பரை எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்று எழுந்து வெளியே வந்தாள்.

இத்தனை வாரத்தில் பத்திலிருந்து பதினொன்றுக்குள் அவள் அறையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அவர் விட்டால்தானே.

வேலிக்குள் மாப்பிள்ளை. ஒரு கையால் கம்பி வலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இன்னொரு கையில் அலுவலகத்துப் பச்சை வாளி. வாளி தொட்டிக்குள் முங்கிக் குபுகுபுவென்று நிறைந்துகொண்டிருக்கிறது. வாயில் ஒரு பாட்டு.

ஆவியக்கா போட்ட சத்தத்தில் காகம் பறந்தது.

"தம்பி!"

"வாங்கக்கா!" என்றார் மாப்பிள்ளை, விருந்தாளியை வரவேற்கிற முகத்தோடு. "சார் இன்னும் விடலையா உங்களை?"

"என்ன பண்றீங்க?"

"ஜீப்பு கழுவ தண்ணி மோக்கறேன்."

"இந்தத் தொட்டியிலயா?"

"ஆமாக்கா. ஏரிக்கு இறங்கினா நூத்துப் பன்னெண்டு படி. அந்தத் தண்ணியில கழுவினா கண்ணாடியில வெள்ளை வெள்ளையா திட்டு நிக்குது. சார் ஒரு புள்ளி இருந்தாக்கூட பத்து நிமிஷம் பார்ப்பாரு. இதுதான் சுத்தமான தண்ணி. ஒரு வாளிதான் எடுப்பேன், ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்."

"எதுக்கு வச்ச தொட்டின்னு நினைச்சீங்க?"

மாப்பிள்ளை கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "நான் வந்த முதல் வாரம் பார்த்தேன்க்கா. காலையில எட்டரைக்கு நீங்களே குவளை எடுத்துட்டு வந்து, பார்த்துப் பார்த்து ரொப்பி வைக்கிறீங்க. நான் எவ்வளவு எடுத்தாலும் மறுநாள் சரியா பழைய அளவுக்கு ரொப்பி வைக்கிறீங்க. வீட்டு மாப்பிள்ளைக்குன்னுதான் வைக்கிறீங்கன்னு நினைச்சேன். உங்க நாத்தனார்கிட்டகூடச் சொன்னேன், 'உங்கண்ணி மாதிரி யாரு இருக்கா, வாயால ஒரு வார்த்தை சொல்லாம செய்யறாங்க'ன்னு."

அவள் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவதா, அழுவதா, சிரிப்பதா என்று மூன்றும் சேர்ந்து முட்டி மோதிக்கொண்டு வாசலில் நின்றன. "அந்த வாளியை அப்படியே திரும்பத் தொட்டியில ஊத்துங்க" என்றாள். ஊற்றினார். "சாயங்காலம் லாண்டரிக்கு வாங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க."

உள்ளே போய்க் காய்ந்த பேப்பரை இன்ஜினியரிடம் காட்டினாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நொடி மாப்பிள்ளை வேலையில் இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் சனிக்கிழமை பதிவேடுகள் இருக்காது.

சாயங்காலம் லாண்டரியில் குடும்ப மாநாடு கூடியது. விஷயத்தைக் கேட்டதும் லாண்டரிக்காரர் ஒரு விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய தங்கை சிரிக்கவில்லை.

"அண்ணி, அவருக்கு வேலை போச்சுன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டு இங்கதான் வருவேன். நான், ரெண்டு பசங்க, அவரு, அவங்கம்மா. அவங்கம்மாவுக்குத் தனி ரூம் வேணும், சொல்லிட்டேன்."

லாண்டரிக்காரரின் சிரிப்பு பட்டென்று நின்றது. "ஏம்மா, எதையாவது எழுதிச் சமாளிக்க முடியாதா?"

"எதையாவது எழுதறதுன்னா இருபத்திரண்டு வருஷமா எழுதியிருப்பேனே. ஜீப் கழுவ எடுக்கப்பட்டதுன்னுதான் எழுதுவேன். யாருன்னு எழுத மாட்டேன்."

"ஊர்ல ஜீப்பு ஒண்ணுதானே அண்ணி இருக்கு!"

மூலையில் நின்ற மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "அக்கா, நீங்க வாங்கிக் கொடுத்த வேலை. உங்க வேலைக்கே உலை வச்சிருக்கேன். எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி. நாளைக்கு நானே சார்கிட்டப் பேசறேன். புரிஞ்சுதா? ஒண்ணும் பண்ணக் கூடாது."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு ஈடு இணை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கே இன்ஜினியர் வந்து வேலியருகே நின்றுகொண்டிருந்தார், அன்றைய அளவைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவதென்று. ஆவியக்கா குவளையோடு வந்தாள். வலையைத் தூக்கினாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

ஊசியையே காணவில்லை. தொட்டி விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. மரச்சட்டங்கள் நனைந்திருந்தன, சுற்றிலும் மண் சொதசொதவென்று கிடந்தது, வேலியோரம் ஒரு தவளை குடியேறியிருந்தது. வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி நீலமாக இருந்தது.

"மேடம்" என்றார் இன்ஜினியர் மெதுவாக, "நேத்து மழை பெஞ்சுதா?"

"இல்ல சார்."

"வேலிக்குள்ள மட்டும்?"

அதற்கு அவள் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஜீப்பின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சார், நான்தான்."

மாப்பிள்ளை பச்சை வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கால்சட்டை முழங்கால் வரை ஈரம். "மொத்தம் ஒன்பதரை வாளி எடுத்திருந்தேன் சார். விடியக்காலையில வந்து ஒன்பதரையும் திரும்ப ஊத்திட்டேன். ஆறு வாளிக்கு மேல நிக்க மாட்டேங்குது, வழியுது. ஆனா நான் ஊத்தினது ஊத்தினதுதான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எண்ணெல்லாம் சரி. நான்தான் சார் குடிச்சேன். நான்னா, உங்க ஜீப்பு."

வேலியோரத்திலிருந்து தவளை ஆமோதித்தது.

ஆவியக்கா அறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சை வாளியை வாங்கி, தொட்டியில் முக்கி எடுத்து, அளவுக் குவளையால் அளந்து காட்டினாள். ஒரு வாளி, எட்டரை மில்லிமீட்டர். பிறகு பக்கத்தைப் பிரித்தாள்.

"முதல் செவ்வாய் பதினாலரை. ஒரு வாளி கழிச்சா ஆறு. ரெண்டாவது, கழிச்சா அஞ்சரை. மூணாவது செவ்வாய் இருபத்து மூணு. தம்பி, அன்னைக்கு ரெண்டு வாளி எடுத்தீங்க."

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். "ஆமாக்கா! சார் கல்யாணத்துக்குப் போகணும்னாரு, கால்மிதியெல்லாம் சேர்த்து அலசினேன்! எப்படிக்கா?"

"போன வாரச் செவ்வாய் பத்தே கால்தான் வந்துது. அரை வாளி."

"பாதியில சார் கூப்பிட்டுட்டாரு!" மாப்பிள்ளை இன்ஜினியரிடம் திரும்பினார். "பார்த்தீங்களா சார், அரை வாளியைக்கூடப் பிடிச்சிருக்காங்க!"

இன்ஜினியர் பதிவேட்டை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு செவ்வாயிலும் எட்டரையைக் கழித்துக் கழித்து, உதடு அசைய, கடைசிவரை போனார். அவர் நறுக்கென்ற மனிதர்தான், ஆனால் கழித்தல் தெரிந்தவர். கழிக்கக் கழிக்க நிமிர்ந்து நின்ற அவருடைய காலர்கூடக் கொஞ்சம் தளர்ந்தது. வாரக்கணக்காய் யாரோ தப்புப் பண்ணுகிறார்கள் என்று தேடிக்கொண்டு போய், கடைசியில் தன் முகமே தெரிகிற அளவுக்குப் பளபளக்கிற ஒரு கதவின் முன்னால் வந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆவியக்கா பேனாவைத் திறந்தாள். "குறிப்பு எழுதணும் சார். இன்ஜினியர் ஜீப் கழுவ எடுக்கப்பட்டதுன்னு எழுதட்டுமா? இந்தப் பக்கம் மாசக் கடைசியில தலைமை அலுவலகத்துக்குப் போகும்."

"இன்ஜினியர் ஜீப்னு போடணுமா? வாகனம்னு போட்டா?"

"காகம்னு எழுதாம பறவைன்னு நான் எழுதினதில்ல சார்."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாளியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். வேலைக்கு அதுவே கைப்பிடி என்பதுபோல.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் மாப்பிள்ளை. சந்தேகம் வரக் கூடாத நேரத்தில்தான் அவருக்கு வரும். "நான் ஜீப்பு மேல ஊத்தின தண்ணி எங்க போச்சு? வெயில்ல காஞ்சுதானே போச்சு? அப்போ கடைசியில சூரியன்தானே குடிச்சான்? அக்கா எழுதின கணக்கு அப்படியே சரிதானே? குறிப்பே வேணாமே!"

இன்ஜினியரின் முகத்தில் ஏதோ ஓர் இடத்தில் விரிசல் விட்டது. முதலில் மூக்கு, பிறகு கன்னம், பிறகு தோள் என்று குலுங்கி, வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபோது சட்டை மடிப்பு ஒன்றுகூட மிச்சமில்லை.

"எழுதுங்க மேடம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்ஜினியர் ஜீப்னே எழுதுங்க. கீழே நான் கையெழுத்துப் போடறேன். எல்லாச் செவ்வாய்க்கும்." பிறகு மாப்பிள்ளையிடம், "வண்டியை மாசத்துக்கு ஒரு தடவை கழுவினா போதும். ஏரித் தண்ணியில. நூத்துப் பன்னெண்டு படியும் நீங்கதான் இறங்கணும்" என்றார்.

"திட்டு நிக்குமே சார்?"

"நிக்கட்டும்."

தபால் பிரிவு பற்றியோ தலைமை அலுவலகத்துக் கடிதம் பற்றியோ அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வெயில் ஏறுவதற்குள் தொட்டியிலிருந்து தண்ணீரை இறைத்தார். ஊசிமுனை எட்டிப் பார்க்கும்போது ஆவியக்கா "போதும்" என்று கத்த, அவர் பயத்தில் வாளியைத் தவளைமேல் போட, தவளை தப்பித்தது. அன்றைய கட்டத்தில் எண் இல்லை. 'அளவு இல்லை. தொட்டியில் ஒன்பதரை வாளி திரும்பி வந்தது' என்று மட்டும் எழுதினாள். எண் இல்லாத நாள் அவளுக்குப் பல் விழுந்த இடம் மாதிரி உறுத்தியது. ஆனாலும் அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஜீப் வந்து நின்றது. மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. இன்ஜினியர் இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நான் ஒரு தடவை ஊத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

குவளையைக் கொடுத்தாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு சொட்டாக ஊற்றினார்.

"மூச்சை மெதுவா விடுங்க சார். அலை அடிக்குது."

மூச்சையே நிறுத்திக்கொண்டார். தண்ணீர் முனையைத் தொட்டது. குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, முகமெல்லாம் வெயிலாய், "ஆறேகால்னு போட்டுக்கலாமா?" என்றார்.

"ஆறு புள்ளி ரெண்டு சார்" என்றாள் ஆவியக்கா, எழுதிக்கொண்டே.